யஃகூப் நபியின் அழுகை: யூஸுஃப் அத்தியாயத்தில் ‘பொறுமை’ என்ற சொல்

2023 கடைசியில் எனக்கு வேலை போனது. அதைப் பற்றிப் புலம்புவதற்கு இந்தக் கட்டுரை இல்லை. ஐ.டி.யில் நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இதெல்லாம் இப்போது மழைக்காலம் மாதிரி. யாருக்கு எப்போது என்பதுதான் கேள்வி. அடுத்த வேலை கிடைக்க ஏழு மாதம் ஆச்சு. அந்த ஏழு மாதத்தில் சொந்தக்காரர்களும் பள்ளிவாசல் நண்பர்களும் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆறுதல்களை ஒரு ஃபோல்டரில் போட்டு வைத்தேன். எதையும் தூக்கிப் போடாமல் சேமிப்பது தொழில் புத்தி. பயான் வீடியோக்கள், ஒலித்துண்டுகள், பூப்படத்தின் மேல் எழுதிய வாசகங்கள். பின்னால் எண்ணிப் பார்த்தபோது அறுபத்துச் சொச்சம் இருந்தன. பாதிக்கு மேல் யூஸுஃப் நபியின் கதை.

எல்லாம் ஒரே அச்சு. அண்ணன்மார் கிணற்றில் போட்டார்கள், யூஸுஃப் நபி சபூர் செய்தார்கள். பொய்ப் பழி சுமத்திச் சிறையில் போட்டார்கள், அங்கேயும் சபூர் செய்தார்கள். கடைசியில் எகிப்தின் கஜானாவே கைக்கு வந்தது. ஆகவே நீங்களும் சபூர் செய்யுங்கள். நம்மூர்ப் பழமொழியில் சொன்னால், பொறுத்தார் பூமி ஆள்வார். கிணற்றிலிருந்து அரண்மனைக்கு ஆறு நிமிடத்தில் போய்ச் சேர்ந்துவிடலாம்.

அனுப்பியவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. அக்கறையில் அனுப்பியதுதான். ஆனால் வேலையில்லாதவனிடம் நேரம் நிறைய இருக்கிறது. மூலத்தையே எடுத்து வரி வரியாக வாசித்தால் என்ன என்று தோன்றியது. நான் ஆலிம் இல்லை. பி.இ. படித்தவன், அரபு அகராதியைப் புரட்டத் தெரியும், இரண்டு மூன்று தமிழ் மொழிபெயர்ப்புகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒப்பிடத் தெரியும், அவ்வளவுதான். எங்கள் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு: நிரலைத் திறக்காமல் அதோடு வரும் ரீட்மீ கோப்பை மட்டும் படித்துவிட்டு, எல்லாம் புரிந்த மாதிரி மீட்டிங்கில் பேசுவது. யூஸுஃப் கதையில் நாற்பது வருஷமாக நான் செய்தது அதுதான்.

முதல் ஆச்சரியம் தேடிய உடனேயே கிடைத்தது. குர்ஆனின் 12-வது அத்தியாயமான ‘யூஸுஃப்’ 111 வசனங்கள் கொண்டது. ஒரே நபியின் கதையைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை ஒரே இழையாகச் சொல்லும் நீண்ட அத்தியாயம் இது. கதீஜா நாயகியும் அபூதாலிபும் அடுத்தடுத்து இறந்த ‘துயர ஆண்டை’, அதாவது ஏறத்தாழ கி.பி. 619-ஐ ஒட்டி இது அருளப்பட்டது என்று மரபு சொல்கிறது. பொறுமையைப் பற்றிய அத்தியாயம் என்று பேர் எடுத்த இதில், ‘ஸப்ர்’ என்ற வேரிலிருந்து வரும் சொல் எத்தனை இடத்தில் வருகிறது? மூன்றே இடத்தில். 18, 83, 90.

இந்த மூன்றில் ஒன்றுகூடக் கிணற்றுக்குள் இல்லை. ஒன்றுகூடச் சிறைக்குள் இல்லை. 90-ல் யூஸுஃப் அதைச் சொல்கிறார், ஆனால் எல்லாம் முடிந்த பிறகு, தன்னை யாரென்று அண்ணன்மாருக்கு வெளிப்படுத்தும் நேரத்தில், திரும்பிப் பார்த்துச் சொல்கிறார். துன்பம் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தச் சொல்லை வாயால் சொல்லுகிறவர் ஒரே ஒருவர். பிள்ளையைப் பறிகொடுத்த தகப்பன், யஃகூப் நபி. இரண்டு முறையும் அவர் சொல்லுவது ‘ஸப்ருன் ஜமீல்’, அழகிய பொறுமை.

ஆக, பொறுமை பற்றி இந்த அத்தியாயம் என்ன சொல்கிறது என்று தெரிய வேண்டுமானால் மகனைப் பார்ப்பதற்கு முன் தகப்பனைப் பார்க்க வேண்டும். நம் பயான்கள் இதைத் தலைகீழாகச் செய்கின்றன. மகனுக்குத்தான் பதவி கிடைத்தது. கதை சொல்ல அது வசதி.

சொல்லைப் பற்றிக் கொஞ்சம். ஸப்ர் என்பதன் பழைய பொருள் கட்டிவைத்தல், தடுத்து நிறுத்துதல். உயிருள்ள பிராணியைக் கட்டிவைத்து அம்புக்கு இலக்காக்குவதை நபிகள் தடை செய்ததாக வரும் ஹதீஸில் இதே வேர்ச்சொல்தான் இருக்கிறது. கற்றாழையின் கசப்புச் சாற்றுக்கும் அரபியில் கிட்டத்தட்ட இதே பெயர். நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் மூசாம்பரம் அந்த வேரிலிருந்து வந்த சொல்தான். பால்குடி மறக்கடிக்க அந்தக் காலத்தில் தாய்மார் தடவிக்கொண்ட கறுப்புக் கசப்பு. அதனால் ஸப்ர் என்றால் சாந்தமாகப் புன்னகைத்துக்கொண்டு இருப்பது என்று அரபியில் தொடங்கவே இல்லை. திமிறும் ஒன்றை இழுத்துப் பிடிப்பது. உள்ளே திமிறல் இருந்தால்தான் அந்தச் சொல்லுக்கே வேலை.

இப்போது 18-வது வசனம். அண்ணன்மார் சட்டையில் பொய் ரத்தம் தடவிக்கொண்டு வந்து, ஓநாய் தின்றுவிட்டது என்கிறார்கள். பைபிளின் ஆதியாகமத்திலும் இந்தக் காட்சி உண்டு. அங்கே யாக்கோபு ஏமாந்துவிடுகிறார். வஸ்திரத்தைக் கிழித்துக்கொள்கிறார், யாருடைய ஆறுதலையும் ஏற்க மறுக்கிறார். குர்ஆனின் யஃகூப் ஏமாறுவதில்லை. உங்கள் மனசு உங்களுக்கு ஒரு காரியத்தை அழகாக்கிக் காட்டிவிட்டது என்று நேரே பிள்ளைகளின் முகத்துக்குச் சொல்கிறார். அதன் பிறகுதான் அழகிய பொறுமை என்கிறார். உடனே, நீங்கள் புனைந்து சொல்வதற்கு எதிராக அல்லாஹ்விடமே உதவி தேடுகிறேன் என்கிறார்.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் குற்றச்சாட்டு, நடுவில் பொறுமை, கடைசியில் உதவி கேட்பது. ‘நடந்தது நடந்துபோச்சு, விடுங்க’ என்ற பேச்சே அங்கே இல்லை. பொய்யைப் பொய் என்று சொல்லிவிட்டு, ஆனால் நிரூபிக்க வழியில்லாமல், குற்றவாளிகளோடு ஒரே வீட்டில் இனிமேல் வாழ வேண்டிய ஒருவர் பேசும் பேச்சு இது. பத்துப் பிள்ளைகளையும் வெட்டிவிட முடியாது, நம்பவும் முடியாது. அதைத்தான் அவர் கட்டிப் பிடிக்கிறார்.

அடுத்து தவக்குல். தமிழில் இதற்குச் சரியான சொல் இன்னும் அமையவில்லை என்பது என் எண்ணம். சில மொழிபெயர்ப்புகள் ‘நம்பிக்கை வைத்தல்’ என்கின்றன, சில ‘சார்ந்திருத்தல்’ என்கின்றன. முதல் சொல்லில் ஒரு சிக்கல். ஈமான் என்பதற்கும் நாம் நம்பிக்கை என்றே போடுவதால் இரண்டு தனிச் சொற்கள் தமிழில் ஒன்றாகக் கரைந்துவிடுகின்றன. இத்தனைக்கும் தவக்குலின் வேரிலிருந்து வந்த ஒரு சொல்லைத் தமிழ்நாட்டில் எல்லா ஊரிலும் பேசுகிறோம்: வக்கீல். வகீல் என்றால் நம் காரியத்தை நமக்காக நடத்திக் கொடுக்கும் பொறுப்பாளர். தவக்குல் என்பது அப்படி ஒருவரை அமர்த்திக்கொள்வது.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று ஒரு வாரம் பெருமையாக இருந்தேன். பிறகுதான் தெரிந்தது, 1111-இல் இறந்த இமாம் கஸ்ஸாலி இதை இஹ்யாவில் எப்போதோ எழுதிவிட்டார். தவக்குலுக்கு மூன்று படிகள் என்கிறார் அவர். கட்சிக்காரர் தன் வகீலை நம்புவது போல நம்புவது முதல் படி. குழந்தை தாயை நம்புவது இரண்டாவது. மய்யித்தைக் குளிப்பாட்டுகிறவர் கையில் மய்யித்து இருப்பது போல இருப்பது மூன்றாவது. பயான்களில் அடிபடுவது அந்த மூன்றாவது உவமைதான். கேட்டதும் சிலிர்க்கும், அதனால். ஆனால் அந்த நிலை நீடிக்காது என்று கஸ்ஸாலியே சொல்கிறார். எனக்கு முக்கியமாகப் படுவது முதல் படிக்கு அவர் தரும் விளக்கம். வகீலை முழுசாக நம்பிய கட்சிக்காரர் வீட்டில் படுத்துக்கொள்வதில்லை. பத்திரத்தைக் காட்டித்தான் இவர் வாதாடுவார் என்று தெரிந்தால் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போவார். பத்திரம் கொண்டுபோவது வகீல் மேல் சந்தேகம் ஆகாது. கேஸ் நடத்தப் போனவர்களுக்கு இது நன்றாகவே தெரியும்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வைச் சார்ந்திரு என்ற ஹதீஸை இந்த இடத்தில் எல்லோரும் எடுப்பார்கள். திர்மிதியில் இருக்கிறது. அதே இடத்தில் திர்மிதி, யஹ்யா இப்னு ஸயீத் என்ற அறிஞர் இந்த அறிவிப்பை ஏற்கவில்லை என்றும் குறித்திருக்கிறார். வேறு வழியில் வருவதைப் பிற்கால அறிஞர்கள் சிலர் ஏற்றிருக்கிறார்கள். ஆனால் யூஸுஃப் அத்தியாயமே கையில் இருக்கும்போது ஒட்டகம் தேவையில்லை.

66, 67 வசனங்களைப் பாருங்கள். பஞ்சம் வந்து, தானியம் வாங்க இரண்டாம் முறை எகிப்துக்குப் போகும் நேரம். இந்தத் தடவை இளையவனையும் அனுப்ப வேண்டும். மரபு அவரைப் புன்யாமீன் என்கிறது, குர்ஆன் பெயர் சொல்வதில்லை. ஏற்கனவே ஒரு பிள்ளையைத் தொலைத்த தகப்பன் என்ன செய்கிறார்? முதலில் பிள்ளைகளிடம் சத்தியம் வாங்குகிறார், இவனைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்று. அந்தச் சத்தியத்திலேயே ஒரு விதிவிலக்கும் வைக்கிறார்: நீங்கள் எல்லோரும் சூழப்பட்டுவிட்டால் தவிர. நிரல் எழுதுகிறவன் என்ற முறையில் இந்த இடத்தில் நான் எழுந்து நின்றேன். எந்த நிலையில் ஒப்பந்தம் செல்லாது என்பதை முன்கூட்டியே யோசித்து எழுதிய ஒப்பந்தம். அது முடிந்த பிறகுதான், நாம் பேசியதற்கு அல்லாஹ் வகீல் என்கிறார். அடுத்து, எல்லோரும் ஒரே வாசல் வழியாக நுழையாதீர்கள், பிரிந்து வெவ்வேறு வாசல்களில் போங்கள் என்று யோசனை சொல்கிறார். சொல்லிவிட்டு, அல்லாஹ்விடமிருந்து வருவதை என்னால் தடுக்க முடியாது, அவனிடமே பொறுப்பைக் கொடுத்தேன் என்கிறார்.

தவக்குல் என்ற சொல் இந்த அத்தியாயத்தில் வருவது இங்கே மட்டும்தான். கிணற்றில் இல்லை, சிறையில் இல்லை. ஒரு மனிதர் ஆகக்கூடுதலாகத் திட்டம் போட்டிருக்கும் இடத்தில், திட்டத்துக்கு நடுவில்.

அந்தத் திட்டம் தோற்கிறது என்பதுதான் அடுத்த விஷயம். வாசல் வாசலாகப் பிரிந்து போயும் இளையவன் மாட்டிக்கொள்கிறான். அரசனின் அளவுப் பாத்திரம் அவன் மூட்டையில் கிடைக்கிறது. திட்டம் போட்டதால்தான் தோற்றார், முழுசாக நம்பவில்லை என்று குர்ஆன் அவரைக் குறை சொல்கிறதா? இல்லை. 68-வது வசனம், அந்த யோசனை அல்லாஹ்வின் முடிவுக்கு எதிராகப் பயன்படவில்லை, யஃகூபின் மனசில் இருந்த ஒரு தேவை, அதை நிறைவேற்றிக்கொண்டார் என்கிறது. அதே மூச்சில் அவர் அறிவுடையவர் என்றும் பாராட்டுகிறது. பலிக்காத முன்னெச்சரிக்கையை இவ்வளவு மரியாதையாகப் பேசிய இடம் வேறெங்கும் என் கண்ணில் பட்டதில்லை. தோற்ற ப்ராஜெக்டுக்கு எங்கள் ஆபீஸ்களில் பின்னாய்வு எழுதுவோமே, அதில் ஒருவராவது இப்படி எழுதியிருந்தால் எத்தனையோ பேர் நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

இனி மகனிடம் வருவோம். சிறையில் இருந்து விடுதலையாகப் போகிறவரிடம், உன் எஜமானரிடம் என்னைப் பற்றிச் சொல் என்று கேட்கிறார் யூஸுஃப். இன்றைய பாஷையில், ரெஃபரல் கேட்கிறார். 42-வது வசனம் இதைச் சொல்லிவிட்டு, ஷைத்தான் நினைவூட்டலை மறக்கடித்தான், அதனால் மேலும் சில வருஷம் சிறையில் இருந்தார் என்கிறது. யாரை மறக்கடித்தான்? அரபு வாக்கியத்தின் பிரதிப்பெயர் இரண்டு பக்கமும் சாயும். தப்ரியின் தஃப்ஸீரில் வரும் ஒரு கருத்து, யூஸுஃப் இறைவனை மறந்து மனிதனிடம் கேட்டார், அதற்குத் தண்டனைதான் அந்த வருஷங்கள் என்கிறது. இது இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு நானே சாட்சி. நாலைந்து பழைய சகாக்களுக்கு ரெஸ்யூமே அனுப்பினேன் என்று சொன்னதற்கு, பள்ளியில் ஒரு பெரியவர், “மனுஷங்ககிட்ட கேக்காதீங்க தம்பி, யூஸுஃப் நபியே அப்படிக் கேட்டுத்தான் ஏழு வருஷம் கூட இருந்தாங்க” என்றார்.

ஆனால் மூன்றே வசனம் தள்ளி, 45-ல், விடுதலையான அந்த ஆளுக்கு நெடுநாள் கழித்து ஞாபகம் வந்தது என்று இருக்கிறது. ஞாபகம் வந்தவர்தானே மறந்தவர்? இப்னு கஸீர் இந்தப் பக்கம்தான் நிற்கிறார். தண்டனை என்று சொல்லும் ஹதீஸ் மிகப் பலவீனமானது என்றும் எழுதுகிறார். ஆதியாகமத்தில் இந்தக் குழப்பமே இல்லை. பானபாத்திரக்காரன் யோசேப்பை மறந்துவிட்டான், இரண்டு வருஷம் கழிந்தது என்று தெளிவாக இருக்கிறது. ஒரு பிரதிப்பெயரை எந்தப் பக்கம் சாய்க்கிறோம் என்பதில், கஷ்டத்தில் இருப்பவன் உதவி கேட்பது பாவமா இல்லையா என்பதே மாறிவிடுகிறது. சின்ன விஷயம் இல்லை இது. கடன்காரன் வாசலில் நிற்கும்போதும் தம்பியிடம் வாய் திறக்காத ஆட்களை எனக்குத் தெரியும்.

ரெஃபரல் ஒருவழியாகப் பலித்து, அரசனே ஆள் அனுப்பும்போது நடப்பதுதான் இந்தக் கதையில் என்னை ரொம்ப நாள் யோசிக்க வைத்தது. ஆதியாகமத்தில் யோசேப்பு சவரம் செய்து, வஸ்திரம் மாற்றி, அவசரமாக அரசன் முன் வருகிறார். குர்ஆனின் யூஸுஃப் வெளியே வர மறுக்கிறார். போய் உன் அரசனிடம் கேள், கையை வெட்டிக்கொண்ட அந்தப் பெண்களின் சங்கதி என்ன ஆயிற்று என்று (12:50). விசாரணை நடந்து, பழி நீங்கி, அதன் பிறகுதான் வெளியே காலடி. யூஸுஃப் இருந்த அளவு நான் சிறையில் இருந்திருந்தால் அழைத்தவர் பின்னால் உடனே போயிருப்பேன் என்று நபிகள் சொன்னதாக புகாரியில் வருகிறது. பயான்களில் இந்த இடம் அரைவரி. பொறுமைசாலி என்றால் கிடைத்ததை வாங்கிக்கொண்டு நன்றியோடு வெளியே வருகிறவன் என்று வைத்துக்கொண்டால், திறந்த கதவுக்கு உள்ளே நின்று நியாயம் கேட்பவனை எங்கே வைப்பது?

சரி, 84-வது வசனம். இந்தக் கட்டுரையே இதற்காகத்தான்.

இளையவனும் மாட்டிக்கொண்ட செய்தி வருகிறது. இரண்டாம் முறையாக அழகிய பொறுமை என்கிறார் யஃகூப். அடுத்த வசனத்திலேயே பிள்ளைகளை விட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஐயோ யூஸுஃபே என்று அரற்றுகிறார். துக்கத்தில் கண்கள் இரண்டும் வெளுத்துப் போகின்றன. அந்த நிலையைச் சொல்ல வரும் சொல் ‘கழீம்’. தண்ணீர்த் தோல்பை நிறைந்ததும் அதன் வாயை இறுக்கிக் கட்டுவார்களே, அந்த வினையிலிருந்து வந்தது. கட்டிய பைக்குள் தண்ணீர் குறைவதில்லை. பொறுமை என்று சொன்ன வாய் மூடும் முன்னே அழுகை. இரண்டுக்கும் நடுவில் ‘ஆனாலும்’ என்றோ, ‘பொறுமை தவறி’ என்றோ ஒரு சொல்கூட இல்லை.

1993-இல் என் தம்பி இறந்தான். ஒன்பது வயசு. காய்ச்சல் என்று படுத்தவன், நாலாம் நாள் இல்லை. எனக்கு அப்போது பன்னிரண்டு. மய்யித்தைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தியபோது அத்தாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அதற்கு முன்னும் பின்னும் நான் கேட்டிராத சத்தம். உடனே பெரியத்தா வந்து தோளைப் பிடித்து, “சபூர் செய்யிப்பா, ஆம்பள நீயே இப்படி அழுதா ஈமான் என்னாகும்?” என்றார். அத்தா நிறுத்திக்கொண்டார். 2019-இல் அவர் மௌத்தாகும் வரை, இருபத்தாறு வருஷம், தம்பி பேரை அவர் வாயால் நான் கேட்டதில்லை. அவன் பேர் வந்தால் எழுந்து போய்விடுவார். ஊரில் எல்லோரும், என்ன சபூர் என்ன சபூர் என்று வியந்தார்கள்.

பெரியத்தா கெட்டவர் இல்லை. தானாக இட்டுக்கட்டியும் சொல்லவில்லை. கன்னத்தில் அறைந்துகொள்வதையும், சட்டையைக் கிழித்துக்கொண்டு ஒப்பாரி வைப்பதையும் கண்டிக்கும் ஹதீஸ்கள் இருக்கின்றன. கப்ர் பக்கத்தில் அழுத ஒரு பெண்ணிடம் நபிகள் பொறுமையை நினைவூட்டியதும், அவர் யாரென்று தெரியாமல் அந்தப் பெண், போங்கள், என் கஷ்டம் உங்களுக்கு வரவில்லை என்று சொன்னதும் புகாரியில் உண்டு. பிறகு மன்னிப்புக் கேட்டு வந்தவரிடம், பொறுமை என்பது முதல் அடி விழும்போது இருப்பதுதான் என்றார்கள். பெரியத்தா போன்றவர்கள் இதை முதல் அடியில் அழக்கூடாது என்று படித்துக்கொண்டார்கள். ஆனால் தன் குழந்தை இப்ராஹீம் இறந்துகொண்டிருந்தபோது நபிகளின் கண்ணில் நீர் வழிந்ததும், நீங்களுமா என்று கேட்ட அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃபுக்கு அது இரக்கம் என்று பதில் சொன்னதும் அதே புகாரியில்தான் இருக்கிறது. தடுக்கப்பட்டது வாயால், கையால் செய்யும் சில காரியங்கள். கண்ணை யாரும் தடுக்கவில்லை. ஸமக்‌ஷரி தன் தஃப்ஸீரில் ஹஸன் பஸ்ரியைப் பற்றி ஒரு செய்தி தருகிறார். ஒரு மரணத்துக்காக அவர் அழுததைப் பார்த்து ஒருவர் கேள்வி கேட்டபோது, யஃகூபின் துக்கத்தை அல்லாஹ் அவமானமாக ஆக்கியதாக நான் பார்க்கவில்லையே என்றாராம். 728-இல் இறந்துபோன ஒரு மனிதர் 1993-இல் எங்கள் வீட்டுக் கூடத்துக்குத் தேவைப்பட்டிருக்கிறார்.

இந்த வாசிப்புக்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. அதை நானே எழுப்பிவிடுகிறேன். பிள்ளைகள், இப்படியே யூஸுஃபை நினைத்து நினைத்துச் செத்துப்போவீர்கள் என்று கடிந்துகொள்ளும்போது யஃகூப், என் வேதனையை அல்லாஹ்விடம்தான் முறையிடுகிறேன், உங்களுக்குத் தெரியாதது எனக்கு அல்லாஹ்விடமிருந்து தெரியும் என்கிறார் (12:86). அதாவது அவரிடம் உள்தகவல் இருந்தது. மகன் கண்ட கனவு இருந்தது, நபித்துவம் இருந்தது. அடுத்த வசனத்தில், போய் யூஸுஃபையும் தம்பியையும் தேடுங்கள், நிராசை ஆகாதீர்கள் என்று அனுப்ப முடிந்தது அதனால்தான். என் அத்தாவுக்கு எந்தக் கனவும் இல்லை. தேடி வர ஆள் அனுப்பவும் இடமில்லை. நபியின் பொறுமையைக் கொண்டுவந்து, முடிவு தெரியாத சாதாரண மனுஷன் முன்னால் அளவுகோலாக வைப்பது நியாயமா?

நியாயமில்லை என்றுதான் ரொம்ப நாள் நினைத்தேன். இப்போது அந்த மறுப்பே எதிர்ப்பக்கம் திரும்புவதாகப் படுகிறது. மகன் உயிரோடு இருக்கிறான் என்று உள்ளுக்குள் அறிந்த ஒருவருக்கே கண் வெளுக்கும் அளவு அழுகை வந்ததென்றால், நம்பிக்கை கூடினால் துக்கம் குறையும் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? தராசில் இரண்டு தட்டு மாதிரி இவற்றை வைத்துத்தான் எல்லா பயானும் பேசுகிறது. அழுகை ஏறினால் ஈமான் இறங்கிவிட்டது என்று. இந்த அத்தியாயத்தில் அந்தத் தராசு இல்லை. 83, 84, 86, 87 வசனங்களில் ஒரே ஆள் பொறுமை என்கிறார், அரற்றுகிறார், முறையிடுகிறார், ஆள் அனுப்பித் தேடச் சொல்கிறார். நான்கும் ஒரே நாளில் நடந்த மாதிரிதான் வாசிக்கும்போது இருக்கிறது.

முறையிடுவது பொறுமைக்கு எதிரானது என்றால் அய்யூப் நபியின் கதையும் நிற்காது. அவரும் எனக்குத் துன்பம் வந்துவிட்டது என்று முறையிடுகிறார் (21:83). அவரைப் பொறுமையாளராகக் கண்டோம் என்று 38:44 சொல்கிறது. அந்த வசனங்களைத் தனியாக எழுத வேண்டும், இதே ஃபோல்டரில் அய்யூப் நபிக்கும் பதினைந்து வீடியோ இருக்கிறது.

போன ரமழானில் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். அம்மாவுக்கு ஸூரா யூஸுஃப் மனப்பாடம். அர்த்தம் எப்போதோ ஹஜ்ரத் சொல்லிக் கேட்டது. 84-ஐ நான் தமிழில் வாசித்துக் காட்டியதும் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “உங்கத்தா அழுவாங்க. விடியக்காலைல, தஹஜ்ஜத் தொழுதுட்டு. நான் தூங்குற மாதிரி படுத்திருப்பேன்” என்றார்.

“எத்தன நாளைக்கும்மா?”

“எத்தன நாளா? கடைசி வரைக்கும்தான்” என்று சொல்லிவிட்டு, இஃப்தாருக்குக் கஞ்சி வைக்க எழுந்து போனார்.

திரும்பி வந்து மிச்சத்தை வாசித்தேன். எகிப்திலிருந்து சட்டையோடு வியாபாரக் கூட்டம் புறப்படும்போது, யூஸுஃபின் வாசனை வருகிறது, நான் கிழடு தட்டிப் பேசுகிறேன் என்று சொல்லாதீர்கள் என்கிறார் யஃகூப். பக்கத்தில் இருந்தவர்களோ, நீங்கள் இன்னும் அந்தப் பழைய தடுமாற்றத்திலேயே இருக்கிறீர்கள் என்கிறார்கள் (12:95). அடுத்த வசனத்தில் சட்டை வந்து முகத்தில் படுகிறது, பார்வை திரும்புகிறது. வீடியோக்கள் எல்லாம் ஓடிப்போய் நிற்கும் இடம் அது. அந்த 95-ஐ ஒன்றிலாவது சொல்லியிருக்கிறார்களா என்று ஃபோல்டரை இன்னொரு முறை முழுசாக ஓட்டிப் பார்த்தேன். இல்லை.